ஏழு வயது மகன் சபையில் ஜெபிக்க வாய் திறக்கிறான் இல்லை. எப்படிப் பழக்குவது?

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. மெதடிஸ்த சபைக்குப் போகிறோம். மகன் இங்கிலீஷ் மீடியம். வீட்டில் தமிழ்தான் கதைப்போம், அவனுக்கு நன்றாக விளங்கும். வாசிக்கிறதென்றால் எழுத்துக் கூட்டித்தான்.

ஓய்வுநாள் பாடசாலையில் இப்போது ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளையை எழுப்பி முடிவு ஜெபம் பண்ணச் சொல்கிறார்கள். போன ஞாயிறு இவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழும்பி நின்றவன், கர்த்தருடைய ஜெபத்தையாவது சொல்வோம் என்று "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம்" வரைக்கும் வந்திருக்கிறான். அதற்கு மேல் வரவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "வீட்டில ஜெபம் பண்ணிப் பழக்கிறேல்லையா?" என்று எல்லாருக்கும் முன்னால் ஒரு கேள்வி வேறு. ஓட்டோவில் வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இரவு லைட்டை அணைத்த பிறகுதான் கேட்டான்: "அம்மா, நான் தமிழில பிழையாச் சொன்னா கடவுள் கோவிப்பாரா? அவருக்கு இங்கிலீஷ் விளங்குமா?"

நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். பின்னேரம் ஆறரை ஆனால் அப்பா பாயை விரிப்பார். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்பாவின் நீண்ட ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தந்ததாக ஞாபகமே இல்லை. கேட்டுக் கேட்டே வந்துவிட்டது. இங்கே அப்படி முடிகிறதில்லை. கணவர் புறக்கோட்டையில் கடையைப் பூட்டிவிட்டு வர எட்டரை ஆகும். அதற்குப் பிறகு சாப்பாடு, வீட்டுப்பாடம். படுக்கப் போகும்போது "சாப்பாட்டுக்கு நன்றி, அம்மாவையும் அப்பாவையும் ஆசீர்வதியும், ஆமென்" என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

சிறுவர் ஞாயிறு வருகிறது. அன்றைக்குப் பிள்ளைகள்தான் ஆராதனை நடத்துவார்கள். இவனுக்கு ஒரு ஜெபம் ஒதுக்கியிருக்கிறார்கள். மனப்பாடம் பண்ண வைக்கவா? தமிழிலா, இங்கிலீஷிலா? இல்லாவிட்டால் இந்த முறை விட்டுவிடுங்கள் என்று கேட்கவா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அம்மம்மா எழுதியது:

மகள், முதலில் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் முறை வேறு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மனப்பாடச் செபம் என்றால் இப்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள், கிளிப்பிள்ளைப் பாடம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்த சத்தம் எங்கள் வீட்டு யன்னலில் அதிர்ந்தது. அந்தக் கோவிலில் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி கொளுத்துகிற குடும்பம் எங்களுடையது. யார் போனார்கள், யார் வரவில்லை என்று ரெலிபோனில் விசாரித்து விசாரித்து, பின்னேரமாகும்போது வீட்டில் ஒருவருக்கும் பேச்சு இல்லை. செபிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கும் வார்த்தை வரவில்லை. என்னுடைய பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. அவள்தான் செபமாலையை எடுத்து, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினாள். நாங்கள் பின்னால் சொன்னோம். அந்த வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடமாக இல்லாமல் இருந்திருந்தால் அன்றிரவு எங்கள் வீட்டில் செபமே நடந்திருக்காது.

அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பூசை இல்லை. கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை தன் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியை ரீவியில்தான் கண்டோம். பிள்ளைகள் ரீவிக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள், பதிலுரைகளை எல்லாம் சத்தமாகச் சொன்னார்கள். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உடம்பில் ஊறிப்போன செபம் அது.

அதனால் மகனுக்கு மனப்பாடமும் வேண்டும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு முழுச் செபமாலையும் சொல்லப் போனால் மூன்றாவது பத்தில், அதாவது மூன்றாவது பத்து மணிகளில், தூங்கிவிடும். நான் பேரப்பிள்ளைகளோடு ஒரு பத்து மட்டும்தான். மணியை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு மணி அவர்கள் முன்னால் சொல்ல, நாங்கள் பின்னால் சொல்வோம். பெரியவர்கள் தன் பின்னால் சொல்கிறார்கள் என்றதும் பிள்ளைக்கு வருகிற தைரியத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டில் செபமாலை இல்லை, பரவாயில்லை. கர்த்தர் கற்பித்த செபத்தையே ஒரு வரி அவன் முன்னால் சொல்ல, நீங்கள் பின்னால் சொல்லுங்கள்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோவிலுக்கு எல்லாச் சமயத்தவரும் வருவார்கள். சைவ ஆட்களும் பௌத்தர்களும் கண்ணீரோடு நின்று கேட்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதைத் தள்ளி நின்று காட்டுவேன். மற்றவர் செபிக்கிறதை மரியாதையோடு பார்க்கப் பழகின பிள்ளை, பக்கத்தில் நிற்கிறவன் தடுமாறினால் சிரிக்காது. உங்கள் மகனைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளுக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை.

பம்பலப்பிட்டி ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, நான் அங்கிலிக்கன். ஓய்வுநாள் பாடசாலையில் பல வருடமாகச் சின்ன வகுப்புகளை எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விசயத்தில் என்னால் சுருக்கமாக எழுத முடியாது.

சிறுவர் ஞாயிறு இருக்கட்டும். அவன் இருட்டில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். கடவுளுக்கு இங்கிலீஷ் விளங்கும். பிழையான தமிழும் விளங்கும். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் பார்த்தர், மேதர், அரபியர் என்று எத்தனையோ தேசத்தார் நின்றார்கள், அவரவர் தங்கள் பாஷையிலே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை அவனோடு சேர்ந்து வாசியுங்கள். தங்கச்சியோடு சண்டை பிடிக்கும்போது அவன் வாயில் எந்த மொழி வருகிறதோ அந்த மொழியில் தன் சொந்த ஜெபத்தைச் சொல்லட்டும். சபையோடு சேர்ந்து சொல்கிற ஜெபத்தைத் தமிழில் படிக்கட்டும். ஒன்றுக்காக மற்றதை விடத் தேவையில்லை.

எனக்குச் சொல்ல இருக்கிற பெரிய விசயம் ஒன்றே ஒன்று. பிள்ளையின் ஜெபத்தைத் திருத்தாதீர்கள்.

பேசத் தொடங்குகிற குழந்தை "ம்மா தண்ணி" என்றால் நாங்கள் இலக்கணம் சொல்லிக் கொடுத்துவிட்டா தண்ணீர் கொடுக்கிறோம்? எங்கள் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, "ஆண்டவரே, எங்கட அப்பாவுக்குக் கட்டாரில லீவு குடும்" என்று ஜெபித்தது. உதவிக்கு வந்த ஒரு அக்கா குனிந்து, "குடும் இல்லையம்மா, தாரும்" என்றார். பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டது. அதுவரைக்கும் கடவுளோடு கதைத்துக்கொண்டிருந்தது. அந்த நொடியிலிருந்து எங்களுக்கு முன்னால் பரீட்சை எழுதத் தொடங்கிவிட்டது. அந்த மாற்றத்தை அதன் முகத்தில் கண்ணால் கண்டேன். பிறகு உதவியாளர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: ஜெபத்துக்கு நடுவில் எங்கள் வாய் திறக்கக் கூடாது. சிரிக்கவும் கூடாது, ஆசையில் கூடச் சிரிக்கக் கூடாது. சைக்கிள் கேட்டால் கேட்கட்டும். "ஸ்கூல் மிஸ்ஸுக்குக் காய்ச்சல் வரட்டும்" என்றால் கூட அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்து, பிறகு ஒரு நாள் ஆறுதலாக அந்த மிஸ்ஸைப் பற்றிக் கதையுங்கள். மனதில் இருக்கிற கோபத்தைக் கடவுளிடம் கொண்டுபோன பிள்ளை சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

லூக்கா பதினோராம் அதிகாரத்தைப் பாருங்கள். ஜெபிக்கக் கற்றுத் தரும்படி இயேசுவிடம் கேட்டது சின்னப் பிள்ளைகள் இல்லை, வளர்ந்த ஆம்பிளைகள். பிறந்த நாளிலிருந்து சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்த யூதர்கள். "உங்களுக்கு வீட்டில பழக்கேல்லையா?" என்று அவர் கேட்கவில்லை. அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கிற ஒரு ஜெபத்தைக் கொடுத்தார். உங்கள் மகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு இதை அன்போடு யாராவது காட்ட வேண்டும்.

நாங்கள் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மரச்சிலுவை இருக்கிறது, மொரட்டுவையில் ஒரு தச்சர் செய்து தந்தது. மூலைகளை எல்லாம் உருட்டி மழுக்கிவிட்டார், பிடித்துக்கொள்ள இதமாக இருக்கும். பிள்ளைகள் பாயில் வட்டமாக இருப்பார்கள். சிலுவை கை மாறி வரும். யார் கையில் இருக்கிறதோ அவர் சத்தமாக ஜெபிக்கலாம், மனதுக்குள் ஜெபிக்கலாம், ஒன்றும் செய்யாமல் அடுத்தவர் கையில் கொடுத்தும் விடலாம். கொடுத்துவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கக் கூடாது. இது மட்டும்தான் சட்டம். எங்கள் மண்டபம் கடல் பக்கம், ரயில் போனால் ஒன்றும் கேட்காது. அப்போது சிலுவை இருக்கிற கையிலேயே நிற்கும், ரயில் போய் முடியும்வரை எல்லாரும் சும்மா இருப்பார்கள். சில பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குள்தான் உதட்டை அசைப்பார்கள். ஒருவருக்கும் கேட்காது என்ற துணிவு. ஒரு தவணை முழுக்க வாயே திறக்காமல் சிலுவையைக் கைமாற்றிக்கொண்டிருந்த பெடியன் ஒருவன், ஒரு ஞாயிறு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அம்மா அழக் கூடாது" என்றான். அவ்வளவுதான். ஆமென் கூடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கர்த்தருடைய ஜெபத்தை மனப்பாடமாக்க நாங்கள் அவசரப்படுகிறதில்லை. கொட்டாஞ்சேனை அம்மா சொன்னது முழு உண்மை, வார்த்தை வராத நாளுக்கு அது கையில் இருக்க வேண்டும். ஆனால் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு கிழமை விடுகிறோம். 2022இல் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரிக்கு நாங்கள் வந்த நேரம், நாட்டில் காஸ் இல்லை, பால்மா இல்லை, பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்களும் வந்தன. ஆகாரம் என்றால் என்ன என்று விளக்கம் சொல்ல எனக்கு வேலையே இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னது. யார் வீட்டில் விறகு அடுப்பு, யார் வீட்டில் இரவுக்குப் பாண் மட்டும். அன்றைக்குச் சிலுவை சுற்றி வந்தபோது ஒரு சின்னவள், "எங்களோட வரிசையில நிண்ட மாமாவுக்கும் காஸ் கிடைக்க வேணும்" என்று கேட்டாள். அந்த மாமா யார் என்று அவளுக்கே தெரியாது.

இனி வீடு. கணவர் எட்டரைக்கு வருகிறார் என்கிறீர்கள். சாப்பாட்டு மேசையில் இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளை உங்கள் உண்மையான ஜெபத்தைக் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்காகச் சோடித்துச் சொல்கிற ஜெபம் வேண்டாம். "ஆண்டவரே, இன்றைக்குக் கடையில ஒரு பெடியனை எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டன். மன்னியும். நாளைக்கு அவனோட நல்லாக் கதைக்க உதவி செய்யும்" என்று அப்பா சொல்வதை ஒரு தரம் கேட்ட பிள்ளைக்கு, பாவ அறிக்கை என்றால் என்ன என்று நான் வகுப்பில் பாடம் எடுக்கத் தேவையில்லை. உங்கள் அப்பா பாயை விரித்து இருந்து உங்களுக்குச் செய்ததும் இதுதானே.

சண்டை பிடித்தால் "போய் முழங்காலில நிண்டு ஜெபம் பண்ணு" என்று தண்டனையாகக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் "மாமிக்கு ஒரு ஜெபம் சொல்லிக் காட்டு" என்று கேட்காதீர்கள். "கடவுள் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்று வெருட்டாதீர்கள். இந்த மூன்றாலும் ஜெபத்தை வெறுத்துப்போன பெரிய ஆட்களை எனக்குத் தெரியும்.

சின்னவளுக்கு நாலு வயதுதானே. அவளுக்குப் பாட்டும் கை அசைவும் ஒரு வசனமும் போதும். "இயேசுவே, இன்றைக்கு எனக்குப் பிடிச்சது இது" என்று ஒன்றைச் சொல்லட்டும். கண்ணை மூடியே ஆக வேண்டும் என்று இல்லை.

சாமுவேலின் கதை நினைவிருக்கும். சிறுவனாக ஆலயத்தில் படுத்திருந்தவன் கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டு மூன்று தரம் ஏலியிடம் ஓடினான். ஏலி அவனுக்குப் பதிலாகத் தான் எழும்பிப் போய் ஜெபிக்கவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. போய்ப் படுத்துக்கொள், திரும்பவும் கூப்பிட்டால் "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல் என்றார். ஒரே ஒரு வசனத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கடவுளோடு விட்டுவிட்டார். ஒரு தாய் தகப்பனோ ரீச்சரோ செய்ய வேண்டியது அவ்வளவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மட்டக்குளி வாலிபர் எழுதியது:

ரீச்சர் சொன்ன பலதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் சபையில் இன்றைக்கு ஜெபக் கூட்டம் நடத்துகிற வாலிபர்கள் எல்லாரும் சின்ன வயதில் எழுப்பி நிறுத்தி ஜெபிக்க வைக்கப்பட்டவர்கள்தான், நானும் அதில் ஒருவன். விருப்பமென்றால் செய், இல்லாவிட்டால் அடுத்தவனிடம் கொடு என்று விட்டால், வெட்கப்படுகிற பிள்ளை கடைசிவரை வெட்கப்பட்டுக்கொண்டே இருக்காதா? சபையில் வாய்விட்டு ஜெபிக்கிறதும் பழக வேண்டிய ஒன்றுதானே. பயத்துக்கு இடம் கொடுத்தால் அது போகாது.

வத்தளைத் தகப்பன் எழுதியது:

என்னுடைய பிரச்சினை கொஞ்சம் வேறு, ஆனால் இங்கே கேட்கலாம் என்று நினைக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது. நன்றாக ஜெபிக்கிற பிள்ளை. இந்த வருடத் தொடக்கத்தில் என்னுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்பப்பா சுகமாகி வர வேண்டும் என்று ஒவ்வொரு இரவும் தானாகவே முழங்காலில் நின்று கேட்டாள். அப்பா தவறிவிட்டார். அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து மகள் ஜெபிக்கிறதில்லை. குடும்ப ஜெபத்தில் வந்து இருப்பாள், வாய் திறக்க மாட்டாள். கேட்டால், "நான் கேட்டா நடக்காது, நீங்க கேளுங்க" என்கிறாள். செத்த வீட்டுக்கு வந்த ஒருவர் அவளிடம், "கடவுளுக்கு அப்பப்பாவில சரியான விருப்பம், அதுதான் எடுத்துக்கொண்டார்" என்று சொல்லியிருக்கிறார். இப்போது நான் காய்ச்சலில் படுத்தால் கூடப் பயப்படுகிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

பம்பலப்பிட்டி ரீச்சர் எழுதியது:

வத்தளை அண்ணா, அப்பாவுக்காக அனுதாபங்கள். உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

செத்த வீட்டுக்கு வந்தவர் சொன்ன அந்த வார்த்தையை மகளின் மனதிலிருந்து எடுக்க வேண்டியது இப்போது உங்கள் முதல் வேலை. ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டது: கடவுளுக்குப் பிடித்தவர்களை அவர் எடுத்துவிடுவார், அப்பாவையும் எடுப்பார் என்று. அப்பப்பாவுக்கு வருத்தம் கடுமையாக இருந்தது, வயதாகிவிட்டது, டொக்டர்மார் முயன்றும் உடம்பு தாங்கவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். அவள் குறைவாக ஜெபித்ததால் நடந்தது இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு ஒரு நாள் லூக்கா இருபத்திரண்டை எடுத்து, இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேப் பகுதியை அவளோடு இருந்து வாசியுங்கள். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று இயேசுவே கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காத பிள்ளைகளின் கூட்டத்தில் அவரும் இருக்கிறார் என்பது ஒன்பது வயதுக்கு நன்றாக விளங்கும்.

கோபத்தைச் சொல்ல அவளுக்கு வார்த்தை வேண்டுமென்றால் பதின்மூன்றாம் சங்கீதம் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. 2019இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஓய்வுநாள் பாடசாலை முடித்துவிட்டு வெளியே நின்ற பிள்ளைகள் குண்டில் இறந்துபோனார்கள். எங்கள் வகுப்புகள் திரும்பத் தொடங்கியபோது, வாசலில் பைகளைச் சோதிக்கிற ஆட்களைத் தாண்டி வந்த எங்கள் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர்களும் எங்களைப் போல பாட்டுப் பாடினவர்கள்தானே, ஏன் கடவுள் நிற்பாட்டவில்லை? அதற்கு நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. எந்த விளக்கம் சொன்னாலும் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயமாகத்தான் எனக்குப் பட்டது. அந்தச் சங்கீதத்தை வாசித்தோம். பிடித்த வரியை ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதினார்கள். அநேகமான பிள்ளைகள் எழுதியது கடைசியில் வருகிற நம்பிக்கை வரியை இல்லை, முதல் வரியைத்தான். நான் அதையும் திருத்தவில்லை.

மகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். "நீங்க கேளுங்க" என்றாள் அல்லவா, அதுவே ஒரு ஜெபம் என்று எடுத்துக்கொண்டு, "சரி, நான் கேட்கிறேன், நீ எனக்குப் பக்கத்தில இரு" என்று சொல்லுங்கள். அவளுடைய பாரத்தைக் கொஞ்ச நாளைக்கு நீங்கள் சுமக்கிறீர்கள். குடும்பமும் சபையும் இருக்கிறது அதற்குத்தான். சாப்பிடாமல், தூங்காமல் பயம் நீடித்தால் போதகரிடம் மட்டும் விடாமல் பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டரிடமும் காட்டுங்கள்.

மட்டக்குளித் தம்பி, பழக வேண்டும் என்பது சரி. நீங்கள் எழும்பி நின்று தேறினீர்கள், சந்தோசம். ஆனால் உங்களோடு எழுப்பி நிறுத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் இன்றைக்குச் சபையில் இருக்கிறார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். நான் கேட்பது முன்னறிவித்தல் மட்டும்தான். முந்தின கிழமையே சொல்லிவையுங்கள். தனியாக நிற்கப் பயந்தால் இரண்டு பேராக நிறுத்துங்கள். ஒரு வசனம் சொன்னால் போதும் என்று எல்லை போடுங்கள். பிள்ளை மாட்டேன் என்றால் அந்தக் கிழமை விடுங்கள், அடுத்த தவணை திரும்பக் கேளுங்கள். இப்படிப் பழகின பிள்ளைகளும் ஜெபக் கூட்டம் நடத்துகிறார்கள்.

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர் அக்கா சொன்னபடி அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தோம். அரபியர் என்றதும், "அப்ப சிங்களமும் விளங்கும்தானே" என்று கேட்டான். கீழ் வீட்டு நண்பன் சிங்களப் பிள்ளை. அம்மம்மா சொன்ன மாதிரி ஒரு வரி அவன் சொல்ல நாங்கள் பின்னால் சொல்கிறோம். அப்பாவும் தன் பின்னால் சொல்கிறார் என்பதில் அவனுக்குப் பெரிய சந்தோசம்.

சிறுவர் ஞாயிறுக்குத் தானே எழுதப் போகிறானாம். இரண்டு வசனம் தமிழில் சொல்லுவான், நான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் வாசிப்பான். மிச்சம் இங்கிலீஷில். ஒரு சந்தேகம்: பேப்பரைப் பார்த்து வாசித்தால் அது ஜெபமா என்று யாராவது கேட்பார்களோ என்று யோசனையாக இருக்கிறது.

பம்பலப்பிட்டி ரீச்சர் எழுதியது:

கேட்டால் எங்கள் சபையை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கிலிக்கன் சபையில் ஆராதனை முழுக்க ஜெபப் புத்தகத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது, நாங்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் ஜெபிக்கிறோம். அவன் எழுதினதை நீங்கள் மெருகூட்ட வேண்டாம், அவன் வசனம் அவன் வசனமாகவே இருக்கட்டும். தாளில் எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இடம் விடுங்கள். வகுப்பு ஆசிரியையிடம் இந்தக் கிழமையே தனியாகக் கதைத்து, இவன் வாசிக்கப் போகிறான், நடுவில் நின்றால் எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோபமில்லாமல் கேட்டால் அவரும் கேட்பார். சனிக்கிழமை பின்னேரம் ஆலயம் திறந்திருக்கும் நேரம் ஒருக்கா கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் நின்று வாசிக்க விடுங்கள். மைக்கை அவன் உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம். பெரியவர்களின் உயரத்தில் இருக்கிற மைக்குக்கு எட்டி எட்டியே பாதிப் பிள்ளைகளின் குரல் போய்விடுகிறது.